எழுத்தின் மேல் விழும் புள்ளி

அறுபதைத் தாண்டிய ஆணுக்குச் சிறுநீர் தடைபட்டால், 'வயசானா அப்படித்தான்' என்று வீட்டோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் அது வெறும் புரோஸ்டேட் சுரப்பி வீக்கம்தான். ஆனால் வீக்கமா, புற்றுநோயா என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல, பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை அளவு இரண்டிலுமே ஏறும். ஆகவே சுரப்பியில் சுமார் பன்னிரண்டு இடங்களில் ஊசி இறக்கி, நூல் கனத்தில் சதை எடுக்கிறார்கள். அந்த ஊசிகளுக்கு நடுவே கட்டி ஒதுங்கியிருந்தால் 'புற்றுநோய் இல்லை' என்றே அறிக்கை வரும். சந்தேகம் தீராவிட்டால் மறுபடி ஊசி. சித்தேரி மலையிலிருந்து அரூருக்கு இறங்கி, பேருந்து மாறி, தருமபுரிக்கோ சேலத்துக்கோ போகும் விவசாயக் கூலிக்கு அந்த 'மறுபடி' இன்னொரு பயணம், துணைக்கு வரும் மகனுக்கும் சேர்த்து இரண்டு கூலி நட்டம். டி.என்.ஏ. மெத்திலேற்றம் பற்றிய ஆராய்ச்சி உதவ வேண்டியது இவருக்குத்தான் என்பேன்.

தமிழில் 'க' மீது புள்ளி வைத்தால் 'க்' ஆகிறது. எழுத்து அதேதான், அதிலிருந்த உயிரொலி மட்டும் அடங்கிவிடுகிறது. ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மெத்தில், டி.என்.ஏ.வின் சைட்டோசின் எழுத்தில் ஒட்டும்போது நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஜீனின் தொடக்கப் பகுதியில் இப்படிப் புள்ளிகள் குவிந்தால், ஜீன் சிதையாமலே ஊமையாகிவிடும். செல்லுக்குள் வரும் நச்சுகளை முறிக்கும் ஜி.எஸ்.டி.பி.1 என்ற ஜீன் புரோஸ்டேட் புற்றுநோயில் இப்படி அடங்கிப்போவதை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 1994இல் கண்டார்கள். பத்தில் ஒன்பது கட்டிகளில் இந்த அடையாளம் உண்டு. அதைவிட முக்கியமானது, கட்டியைச் சுற்றி, மைக்ராஸ்கோப்பில் நல்லதாகத் தெரியும் செல்களிலும் சில சமயம் இது பதிந்திருக்கும். கட்டியை ஊசி தவறவிட்டாலும் அதன் நிழலைத் தொட்டிருக்கலாம். 2013இல் வெளியான பிரிட்டன், பெல்ஜிய ஆய்வில், முதல் ஊசியில் புற்றுநோய் தென்படாதவர்களின் சதையில் மூன்று ஜீன்களைச் சோதித்து 'புள்ளி இல்லை' என்று வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அடுத்த ஊசியிலும் புற்றுநோய் தென்படவில்லை.

மீதிப் பத்துப் பேர்? அந்தக் கேள்வி நியாயமானது, ஆகவே பி.எஸ்.ஏ.வைத் தொடர்ந்து கவனிப்பதை இந்தச் சோதனை நிறுத்திவிட முடியாது. செலவும் அதிகம். ஆனால் முதல் ஊசியில் எடுத்த சதை மெழுகுக் கட்டிக்குள் ஆய்வகத்திலேயே பத்திரமாக இருக்கிறது. அதைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும், ஆளை அலைக்கழிக்க வேண்டாம். ஒரு சோதனைச் செலவை மட்டும் பார்த்து, மிச்சமாகும் ஊசிகளையும் பயணங்களையும் கணக்கில் சேர்க்காமல் விடுவது சரியல்ல. முதல் ஊசிக்கே வராதவர்களுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்டால், அதற்கு வழி நம்மிடமே உண்டு. 2004 வரை தருமபுரியோடு இருந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் 2021இல், வீடு தேடி வந்து நோய் பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. பிரஷர் பார்க்க வாசலுக்கு வருகிறவர், 'ராத்திரி ஒண்ணுக்குப் போக எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க ஐயா?' என்றும் கேட்கலாம்.