ஏஜென்ட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 35,400. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவுபெற்ற ஏஜென்ட், ஒருவரிடம் வாங்கலாம் என்று இந்தியச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு இவ்வளவுதான். பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் இந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார்கள். ‘விசாவுக்கு எவ்வளவு?’ என்று கேட்டால் அங்கே பேச்சே லட்சத்தில்தான் தொடங்கும். வீட்டு நகை அடகுக்குப் போகும். மானாவாரி நிலம் கைமாறும். சட்டப்படி போவதற்குத்தான் செலவு அதிகம் என்ற எண்ணமும் பலருக்கு உண்டு. நிலைமை நேர்மாறானது.

இந்த மண்ணுக்கு வெளிநாடு புதிதல்ல. ஒன்றுபட்ட திருச்சி மாவட்டமாக இருந்த காலத்திலேயே கங்காணிகள் இங்கிருந்து மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் கட்டினார்கள். இதை ஒழுங்குபடுத்த 1922-இல் குடியகல்வுச் சட்டம் வந்தது. 1938-இல் மலாயாத் தோட்டங்களுக்குச் செலவு கொடுத்துக் கூலியாட்களை அழைத்துப் போவதை அன்றைய இந்திய அரசு தடை செய்தது. கங்காணிகள் காலம் முடிந்தபின் வளைகுடா திறந்தது. இன்று வெள்ளாற்றங்கரை லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கத்து ஊர்களிலும், துபாயிலோ குவைத்திலோ சிங்கப்பூரிலோ ஆள் இல்லாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை

இப்போது நடைமுறையில் இருப்பது 1983-ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டம். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ‘இ.சி.ஆர்.’ வகையில் வரும். அவர்கள் சவூதி, குவைத், கத்தார், ஓமன், அமீரகம், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் ‘இ-மைக்ரேட்’ இணையதளம் வழியாகப் போகிறது. முதலாளி யார், சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தம் எத்தனை ஆண்டு என்பதெல்லாம் அங்கே பதிவாகிவிடும்.

அனுமதியோடு ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ என்ற காப்பீடும் எடுத்தாக வேண்டும். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். விசிட் விசாவில் போய் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இந்தப் பதிவும் இருக்காது, காப்பீடும் இருக்காது.

பத்தாம் வகுப்பு தேறியவர்கள் நிலைமை விநோதமானது. அவர்களுக்குப் பொதுவாக இந்த அனுமதி தேவையில்லை. அதையே பெரிய விடுதலையாக நினைக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய ஒப்பந்தத்தை அரசுத் தரப்பில் ஒருவர் கட்டாயம் பார்த்தாக வேண்டும் என்ற ஏற்பாடும் அத்தோடு போய்விடுகிறது. ஐ.டி.ஐ., டிப்ளமோ, பொறியியல் முடித்த பிள்ளைகள் எல்லாரும் இந்தப் பக்கம்தான் வருகிறார்கள்.

விசா வேண்டாம் என்றால்?

2023 கடைசியில் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு விசா தேவையில்லை என்று அறிவித்தன. ஊர் சுற்றப் போகிறவருக்கு நல்ல செய்தி. புரோக்கருக்கு அதைவிட நல்ல செய்தி. ‘முதலில் போய் இறங்கு, பெர்மிட் அங்கே போட்டுக்கலாம்’ என்று சொல்லி அனுப்புவது எளிதாகிவிட்டது. மலேசியாவில் செல்லுபடியாகும் பெர்மிட் இல்லாமல் பிடிபட்டால், குடிநுழைவுச் சட்டப்படி 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, ஆறு வரை பிரம்படி.

தாய்லாந்து வழியில் ஆபத்து வேறு விதம். ‘டேட்டா என்ட்ரி’ வேலை என்று பாங்காக்கில் இறங்கியவர்கள் எல்லை கடத்தப்பட்டு, மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். 2022-இலேயே அங்கிருந்து தமிழக இளைஞர்கள் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினார்கள். 2025 மார்ச்சில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் அழைத்துவர வேண்டியிருந்தது.

வளைகுடாவில் ‘ஃப்ரீ விசா’ என்று விற்கப்படுவதும் இதே குடும்பம்தான். பெயருக்கு ஒரு கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளி இருப்பார், வேலை வேறொருவரிடம். அந்த கஃபீல் ‘ஆள் ஓடிவிட்டான்’ என்று புகார் கொடுத்துவிட்டால் இக்காமா என்ற குடியிருப்பு அனுமதி செல்லாது. சம்பள பாக்கிக்காக வழக்குப் போடுவதும் பெரும்பாடாகிவிடும்.

சிங்கப்பூர், அனுமதி தேவைப்படும் அந்த 18 நாடுகளில் சேராது. அங்கே பாதுகாப்பு அந்நாட்டுச் சட்டத்திலிருந்து வருகிறது. வொர்க் பெர்மிட்டுக்கு முன் வரும் ‘ஐ.பி.ஏ.’ கடிதத்தைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில், அவர் புறப்படும் முன்பே கொடுக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும். அங்குள்ள ஏஜென்ஸி, ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். திருச்சியில் விமானம் ஏறும் முன் அந்தக் கடிதத்தை ஒருமுறை வரிவரியாகப் படிப்பவருக்கு, போய் இறங்கியபின் ‘சம்பளம் குறைவு’ என்ற அதிர்ச்சி வராது.

யாரிடம் கேட்பது?

ஏஜென்ட் பதிவுபெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பெயரைத் தட்டியே பார்த்துவிடலாம். ‘அவருடைய ஆள் நான்’ என்று ஊருக்குள் வரும் சப் ஏஜென்ட்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. தமிழக அரசு 1978 முதல் நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. செவிலியர், ஓட்டுநர், வீட்டு வேலை என்று அது நேரடியாகவே ஆள் எடுக்கிறது. திறன்பெற்ற இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 20,000 விசா என்றிருந்ததை 90,000 ஆக்குவதாக ஜெர்மனி 2024-இல் அறிவித்தது. நர்சிங் முடித்தவர்களுக்கு இது வளைகுடாவைத் தாண்டி ஒரு வழி. ஆனால் ஜெர்மன் மொழித் தேர்வு தாண்டாமல் அங்கே காரியம் ஆகாது. சந்தேகம் இருந்தால் கேட்க, தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையின் கட்டணமில்லா எண் 1800 309 3793.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. பதிவில்லாமல் ஆள் அனுப்பினால் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். லட்சங்களைச் சுருட்டுகிறவருக்கு இந்த 2,000 ஒரு நாள் கைச்செலவு. ஏமாந்தவர்கள் மோசடிப் பிரிவையும் சேர்த்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் கையில் ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு என்ன சாட்சி என்பதுதான் விசாரணையில் முதலில் எழும் கேள்வி. வங்கிக் கணக்கு வழியாக மட்டும் பணம் கொடுப்பதும், ரசீதும் ஒப்பந்த நகலும் ஒரு செட் வீட்டில் வைத்துவிட்டுப் போவதும் அதற்காகத்தான்.