வேரோடு நின்றுவிடும் நஞ்சு

மேல்மலையனூர்ப் பக்கம் மணிலா போடும் விவசாயியின் மண்வள அட்டையில் 12 இனங்கள் இருக்கும். தழை, மணி, சாம்பல் சத்தில் தொடங்கி கந்தகம், துத்தநாகம், போரான் வரை எல்லாம் உண்டு. குரோமியம் மட்டும் கிடையாது. அட்டையைக் குறை சொல்வதற்கில்லை. பயிருக்கு எது போதவில்லை என்று சொல்ல வந்ததே தவிர, எது நஞ்சாகக் கிடக்கிறது என்று சொல்ல வந்ததல்ல அது. அங்கிருந்து நேர் வடக்கே, ராணிப்பேட்டையில்தான் இந்த விடுபடல் உறுத்துகிறது. தோல் பதனிடுவதற்கான குரோமிய உப்புகளைத் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டபோது, 2 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு மேடாகக் குவிந்து கிடந்தது. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சளாக நீர் கசியும். அந்த மஞ்சள், குரோமியம்-6 இருப்பதன் அடையாளம்.

குரோமியம்-3 பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். குரோமியம்-6 அப்படியல்ல, குரோமேட்டாக நீரில் கரைந்து ஓடும். அமைப்பில் அது சல்பேட்டை ஒத்திருப்பதால், வேர் ஏமாந்து போகிறது. மணிலாவுக்கு மண் அணைக்கும்போது ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இடுகிறோமே, அதிலுள்ள கந்தகம் நுழையும் அதே வாசல் வழியாக இதுவும் நுழைகிறது. நுழைந்ததைச் செடி குரோமியம்-3 ஆக மாற்றி வேரிலேயே தேக்கிவைக்கிறது. அந்த மாற்றத்தில் செல்கள் அடிபடுகின்றன. வேர் குட்டையாகிறது, வேர்த்தூவிகள் குறைகின்றன, இரும்பு மேலேறாமல் இளம் இலை வெளுக்கிறது. பார்ப்பவர் இரும்புச் சத்துக் குறை என்று நினைத்து அன்னபேதி தெளிப்பார். (அதே அன்னபேதியை மண்ணில் இட்டால் குரோமியம்-6 குரோமியம்-3 ஆக மாறும் என்பது தனி வேடிக்கை.)

'தானியத்தில் குரோமியம் சொற்பம்தானே, பிறகென்ன?' என்பார்கள். சொற்பம்தான், வேர் தடுத்துவிட்டது. ஆகவே தானியச் சோதனை செடியின் குணத்தைச் சொல்லும், நிலத்தின் நிலையைச் சொல்லாது. 'தொழு உரம் போட்டால் சரியாகிவிடும்' என்பதில் இதைவிட உண்மை அதிகம். அங்ககப் பொருள் குரோமியம்-6ஐக் குரோமியம்-3 ஆக்கும். ஆனால் மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் அதில் ஒரு பங்கைத் திரும்ப 6 ஆக்கக்கூடும். மேடும் மழைதோறும் புதிதாகக் கசியும். வெட்டிவேர் நட்டு உறிஞ்ச வைக்கலாம் என்றால், வேரில் தேங்கியதை எடுக்க அந்த வேரையே தோண்டி அப்புறப்படுத்த வேண்டும்.

பாலாற்றுத் தோல் ஆலைகள் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. கெட்ட நிலத்தை மீட்கும் செலவும் அதில் அடக்கம். அந்தச் செலவை மூட்டை நெல்லை வைத்துக் கணக்கிட்டால் பாதி சேதம் கணக்கில் வராது. மழைக்குப் பின் கிணற்று நீரில் குரோமியம்-6ஐ அளக்க வேண்டும்; செடியைப் பிடுங்கி வேரின் நீளத்தையும் பார்க்க வேண்டும்.