தாழ்வாரத்துக்கு ஒரு டெலிவிஷன்

ஹாலில் மின்விசிறி சுழன்றுகொண்டே இருக்கும். புழுக்கமும் இருந்துகொண்டே இருக்கும். வெளித் தாழ்வாரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாலோ காற்று இலவசமாக வருகிறது! பகலெல்லாம் தாழ்வாரமே கதி என்று இருக்கும் மாமியாருக்கும், மாலையில் கீரை ஆய்ந்துகொண்டே தொடர் பார்க்க விரும்பும் உங்களுக்கும், "இங்கேயே ஒரு டெலிவிஷன் இருந்தால் என்ன?" என்று தோன்றுவது நியாயந்தானே?

ஆசை சரி, விலை? வெயில் மழைக்கென்றே செய்யப்பட்ட பெட்டிகள் உண்டு. சாம்சங் கம்பெனி 2020-ல் 'தி டெரஸ்' என்ற பெயரில் ஒன்றை வெளியிட்டது. 55 அங்குலப் பெட்டியின் அமெரிக்க விலை அப்போது ஏறக்குறைய 3,500 டாலர். நம் கணக்கில் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல்! அதன் தகுதி ஐ.பி.55. முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீரைக்கூட அது தாங்கும். ஆனால் கூரை போட்ட தாழ்வாரத்தில் யார் தண்ணீர் பீய்ச்சப் போகிறார்கள்? இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் சாதாரணப் பெட்டியே போதும்.

முதலில் சாரலைக் கவனியுங்கள். அடுத்த பெருமழையின்போது தரை எதுவரை நனைகிறது என்று பார்த்து, சாக்குக் கட்டியால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே தள்ளிச் சுவர் இருந்தால் பெட்டியை மாட்டலாம். இல்லையென்றால் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். விலை குறைந்த பெட்டிகளின் ஒளி பெரும்பாலும் 250 முதல் 350 நிட் வரைதான். மாலை மங்கியபின் அது தாராளம். வெயில் நேரே பட்டாலோ படமே தெரியாது. ஆகையால் திரை மேற்கே பார்க்க வேண்டாம். வடக்கே பார்த்தால் உத்தமம். கடையில் பெட்டியை அணைக்கச் சொல்லி எதிரே நில்லுங்கள். உங்கள் முகம் கண்ணாடியில் போல் பளிச்சென்று தெரிகிறதா? அந்தப் பெட்டி தாழ்வாரத்துக்கு ஆகாது. 'ஓ.எல்.இ.டி.' வகையும் வேண்டாம். விலையும் அதிகம், வெப்பமும் அதற்கு ஆகாது. எல்.இ.டி. வகையே போதும்.

ஆறேழு அடி தூரத்தில் உட்கார்ந்து பார்க்க 43 அங்குலம் சரியாக இருக்கும். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளின் ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருப்பதும் ஓர் அனுகூலம். வாங்குமுன் உத்தரவாதச் சீட்டைப் படியுங்கள். வீட்டுக்கு வெளியே வைத்தால் பொறுப்பல்ல என்றோ, ஈரத்தால் கெட்டால் பொறுப்பல்ல என்றோ அதில் இருக்கலாம். சந்தேகமிருந்தால் கடைக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தகரக் கூரையை ஒட்டி மாட்டாதீர்கள். பல பெட்டிகள் 40 டிகிரி வெப்பத்துக்குமேல் தாங்கா. அக்கினி நட்சத்திரத்தில் தகரத்தின் அடியில் அதைவிடக் கொதிக்கும். கடற்கரைப் பக்கத்தில் உப்புக் காற்று உள்ளிருக்கும் உலோகத்தை அரிக்கும். பெட்டியின் கதகதப்பைத் தேடி எறும்பும் பல்லியும் உள்ளே குடியேறுவதும் உண்டு. பார்த்து முடித்து, சூடு ஆறியபின் உறை போட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் பெட்டிக்கும் கெடுதல்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மின்சாரம். ஈரத் தரை, வெறுங்கால், விளையாடும் குழந்தைகள் எல்லாம் சேருகிற இடமல்லவா தாழ்வாரம்? உள்ளிருந்து நீண்ட ஒயரை வாசற்படி வழியாக இழுத்து வராதீர்கள். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்து, மூடியுள்ள பிளக் பாயிண்டும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் போடச் சொல்லுங்கள். ஒயர் பிளக்குக்குக் கீழே சற்றுத் தொங்கி, பிறகு மேலேறட்டும். அப்போது வழிந்து வரும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும். இடி இடிக்கும் முன்பே பிளக்கையும் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். இந்தச் செலவில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது.

"இன்னொரு பெட்டி வாங்க இப்போது கையில் பணம் இல்லையே!" என்கிறீர்களா? கவலை வேண்டாம். சக்கரம் வைத்த உறுதியான ஸ்டாண்டு ஒன்று வாங்கி, ஹாலில் இருக்கும் பெட்டியையே அதில் பொருத்துங்கள். மாலையில் தாழ்வாரத்துக்கு உருட்டி வரலாம். இரவில் உள்ளே உருட்டிப் போகலாம். வெயில், சாரல், பல்லி, திருடன் எதைப் பற்றியும் பயமில்லை. வாசற்படி உயரமாக இருந்தால் மட்டும் தச்சரிடம் சொல்லி ஒரு சாய்வுப் பலகை செய்துகொள்ளுங்கள். மிச்சமாகும் பணத்தில் மாமியாருக்கு நல்ல சாய்வு நாற்காலி ஒன்று வாங்கிப் போடலாமே!