கைப்பேசி யார் கையில்?

ஆரணியாற்று நீர்த்தேக்கத்தின் அருகே, தமிழ்நாட்டு எல்லையை அடுத்து அமைந்துள்ள ஊர் பிச்சாட்டூர். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இம்மண்டலம், இப்போது ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. அரசாங்கச் சேவைகளைக் கைப்பேசி வழியே அளிக்க வளர்முக நாடுகள் பலவும் முனைந்துள்ள இந்நாளில், இத்தகைய எல்லைப்புற ஊரின் நிலையிலிருந்து இப்பிரச்சினையை நோக்குவது பயனுடையது.

கைப்பேசி வருமுன்னரே செய்து முடிக்கவேண்டிய பணி ஒன்றுண்டு. அது ஆவணங்களைச் சீர்செய்வது. 2011 நவம்பர் 4 அன்று 'மீசேவா' திட்டம் சித்தூர் மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னர், அடங்கல் நகலோ வில்லங்கச் சான்றோ வேண்டிய விவசாயி, எழுத்தர் பதிவேட்டைத் தேடி எடுக்கும்வரையிலும், அதிகாரி கையொப்பமிடும்வரையிலும் காத்திருக்க நேர்ந்தது. பதிவேடுகள் கணிப்பொறியில் ஏற்றப்பட்டு, மின்னணுக் கையொப்பமும் இடப்பட்டபின், சேவை மையத்திலேயே நகல் கிடைத்தது. அக்கையொப்பத்திற்குச் சட்ட மதிப்பளித்தது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். கணிப்பொறியைக் காட்டிலும் இதுவே பெரிய சீர்திருத்தம் எனலாம்.

இந்த அடித்தளம் இருந்ததாலேயே, 2025 ஜனவரி 30 அன்று 'மன மித்ரா' என்னும் வாட்ஸ்அப் சேவையை 161 சேவைகளுடன் மாநில அரசால் தொடங்க முடிந்தது. பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் மிச்சமாவது சிறு நன்மையன்று. ஆயினும் இதற்கு இணைய வசதியுள்ள கைப்பேசி வேண்டும். அதைக் கையாளத் தெரியவும் வேண்டும். தொடக்கத்தில் இச்சேவை தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் அமைந்தது. தமிழ் பேசும் எல்லைப்புறக் குடும்பங்களுக்கு இதுவும் ஒரு தடையே. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசியை வைத்திருந்த பெண்கள் நாட்டில் 54 சதவீதத்தினரே. வீட்டில் கைப்பேசி இருப்பது வேறு. அது மகனின் சட்டைப் பையில் இல்லாமல் தாயின் கையில் இருப்பது வேறு.

பயனாளியிடமன்றி, அரசின் ஊழியரிடம் கைப்பேசியைத் தருவது மற்றொரு வழி. ஆந்திராவில் 2020 முதல் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று, கைப்பேசியுடன் இணைந்த கருவியில் விரல் ரேகையைச் சரிபார்த்து ஓய்வூதியம் பட்டுவாடா செய்தனர். 2024 மார்ச் இறுதியில், தேர்தலை முன்னிட்டு, அவர்கள் இப்பணியில் ஈடுபடுவதைத் தேர்தல் ஆணையம் தடை செய்தது. ஏப்ரல் மாதத் தொகையைப் பெரும்பாலோர் கிராமச் செயலகத்தில் பெற வேண்டியதாயிற்று; மே மாதத்தில் பலருக்கு அது வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. கணக்கியல் நோக்கில் இவற்றுள் விரைவானது வங்கி வழியே. ஆனால் முதியோர் கோடை வெயிலில் வங்கி வாசலில் நிற்க நேர்ந்தது. பணம் நொடியில் வந்தது. அதை எடுக்கச் செல்லும் தொலைவு குறையவில்லை. 2024 ஜூலை முதல் செயலக ஊழியர்களே வீடுதேடிச் சென்று வழங்குகின்றனர்.

கென்யாவில் 2007-இல் தொடங்கிய 'எம்-பெசா' சாதாரணக் கைப்பேசியிலும் இயங்கிற்று. அதன் வெற்றியைப் பேசுவோர் குறுஞ்செய்தியையே பெரிதும் குறிப்பிடுவர். பணத்தை ரொக்கமாக மாற்றித் தந்த கடைத்தெரு முகவரை மறந்துவிடுவர். நம் நாட்டுத் திட்ட மதிப்பீடுகளிலும் முகவர், ஊழியர் ஆகியோரின் ஊதியம் செலவாக எழுதப்படுகிறது. அவர்கள் வராதபோது மூதாட்டி கொடுக்கும் பேருந்துக் கட்டணத்திற்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தியில்லை.