பெயரும் எண்ணும்: கொங்குச் சிற்றூர்ப் போர்வீரர் நினைவு

கொங்கு நாட்டில் வீரனை நினைவுகூரும் மரபு பெயரை மையமாகக் கொண்டது. ஆநிரை காக்கப் புலியொடு பொருது மாண்டவர்க்கு எடுக்கப்பெற்ற புலிகுத்திக் கற்கள் இப்பகுதியில் பல ஊர்களில் கிடைத்துள்ளன. எழுத்துப் பொறிப்புடையவற்றில் இறந்தவனின் பெயரோடு அவன் இன்னார் மகன் என்ற குறிப்பும் இடம்பெறுவதுண்டு. அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடும் மரபிலும் இதுவே நிலை. பொன்னர், சங்கர் ஆகிய தலைவர்களோடு அவர்தம் ஏவலனாகிய சாம்புவனும் அங்குப் பெயர் சொல்லிப் பாடப்பெறுகிறான். அண்ணன்மார் கோயில்களில் அவனுக்கும் உருவம் உண்டு. பறையர் குலத்தவனாகக் கூறப்படும் ஒருவனின் பெயரை நூற்றாண்டுகள் கடந்தும் வாய்மொழி காத்து வந்திருக்கிறது.

முதல் உலகப்போருக்குப் பின் ஆங்கில அரசு இந்தியச் சிற்றூர்களில் பதித்த நினைவுக் கற்கள் இதற்கு நேர்மாறானவை. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குச் சென்றனர், அவருள் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்பதே அவற்றின் வாய்பாடு. தமிழ்நாட்டிலும் இத்தகைய கற்கள் உள்ளன. ஊருக்கு ஊர் மாறுவது எண் மட்டுமே. சென்றவர் யார், எவர் மகன், எக்களத்தில் இறந்தார் என்பனவற்றுக்குக் கல்லில் இடமில்லை. நடுகல் மரபை நன்கறிந்த நிலத்தில் பெயரில்லாக் கல் என்பது ஒரு முரண்.

இது கல்லின் சிக்கனத்தால் நேர்ந்ததன்று. பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் மெசபடோமியக் களத்தில் மாண்ட ஆங்கிலேயரின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. இந்தியச் சாதாரண வீரர்களோ படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். சென்னை மாகாணம் அப்போருக்கு ஏறத்தாழ 92,000 பேரை அளித்தது. அவருள் ஐந்தில் இரண்டு பங்கினருக்கு மேற்பட்டோர் போரிடாப் பணியாளர்கள். ‘போர்க்குடிகள்’ என்னும் கொள்கை தென்னிந்தியரைப் பின்னுக்குத் தள்ளியிருந்த காலத்திலும், பறையரும் கிறித்தவரும் மிகுதியாகச் சேர்ந்திருந்த மதராஸ் சாப்பர்ஸ் படை மெசபடோமியாவில் பணியாற்றியது. நிலமற்ற குடும்பத்து இளைஞனுக்குப் படை மாதச் சம்பளத்தையும், ஓரளவு ஊர்க் கட்டுப்பாட்டிலிருந்து விடுதலையையும் தந்தது எனலாம்.

விடுதலைக்குப் பிந்தைய பொதுநினைவிலும் இவர்கள் எளிதில் பொருந்தவில்லை. கோவை வட்டாரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலம் என்றதும் நினைவுக்கு வருவது 1942 ஆகஸ்டில் சூலூர் விமானத்தளம் எரிக்கப்பட்ட நிகழ்ச்சியே. அது நியாயமானதே. ஆயினும் அதே ஆண்டுகளில் அரசின் படையில் இருந்தவரை அக்கதைக்குள் எங்கே நிறுத்துவது என்ற வினா எழுப்பப்படாமலே போயிற்று. விருது பெற்றவர் மட்டும் விதிவிலக்கு. 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடியின்மேல் விழுந்து பிறரைக் காத்து இறந்த சுபேதார் சுப்பிரமணியன் ஜார்ஜ் சிலுவையால் பெயர் நிலைத்தார்.

பஞ்சாபில் ஊர்வாரியாகத் தொகுக்கப்பட்ட போர்ப் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் எஞ்சின. ஏறத்தாழ 3,20,000 பேரின் விவரங்களைக் கொண்ட அவை 2021 முதல் இணையத்தில் வெளிவரலாயின. கொங்குச் சிற்றூர்களில் தேடலை வீட்டிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது. ‘பட்டாளத்தார் வீடு’ என்னும் வழக்கு தொழிலைக் காத்துப் பெயரை இழந்த நினைவு. அவ்வீட்டு முதிய பெண்களிடம் ஓய்வூதியத் தாளோ பதக்கமோ இருக்கலாம். முதற்போரின் ஆங்கிலப் போர்ப்பதக்கத்தில் பெறுநரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியன விளிம்பில் பொறிக்கப்பட்டன. படைவீரருக்கு அது வெள்ளியிலும் தொழிலாளர் படையினர் பலருக்கு வெண்கலத்திலும் வழங்கப்பட்டது. வெள்ளிப் பதக்கம் அடகுக்கடைக்கோ தட்டார் உலைக்கோ சென்றிருக்க வாய்ப்பு மிகுதி. உருக்கினால் மதிப்பில்லாத வெண்கலமே பெட்டியடியில் தங்கியிருக்கும். எனவே கள ஆய்வாளர் முதலில் பார்க்க வேண்டியது பதக்கத்தின் முகத்தையன்று, விளிம்பை.