எகிறி அடிக்க ஆசையா? பஸ்கியில் ஆரம்பிங்க!

வாலிபாலில் ஆண்கள் ஆடும் வலையின் உயரம் 2.43 மீட்டர். பெண்களுக்கு 2.24 மீட்டர். அதற்கு மேல் எகிறி அடிக்கிற பையனுக்குத்தான் பள்ளி டீமில் மவுசு. 'இன்னும் எகிறுடா' என்று கோச் சத்தம் போட்டதும், காலில் மணல் பையைக் கட்டிக்கொண்டு தினமும் 200 தடவை குதிக்கிறவர்கள் உண்டு. கடைசியில் முட்டி வலிதான் மிச்சம்!

எகிறும் பலம் தொடையிலும் இடுப்பிலும் இருக்கிறது. எனவே 14, 15 வயதில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எளிய பயிற்சியே நல்லது. வாரம் 2 அல்லது 3 நாள் போதும். நடுவில் ஒருநாள் ஓய்வு கட்டாயம். முதலில் வெறும் உடம்போடு 10 பஸ்கி வீதம் 3 சுற்று. குதிகால் தரையை விட்டு எழும்பக்கூடாது. முட்டி உள்பக்கம் சாயக்கூடாது. இது சுத்தமாக வந்த பிறகுதான் வெயிட், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. குதிப்பது சில தடவை போதும். ஆனால் 'தொம்' என்று விழாமல், முட்டியை மடக்கி மெதுவாக இறங்கணும்.

'வெயிட் தூக்கினா பையன் வளர மாட்டான்' என்று அம்மாக்கள் பயப்படுவது வழக்கம். தெரிந்தவர் பக்கத்தில் நின்று முறையாகச் சொல்லிக்கொடுத்தால் அந்த பயம் தேவையில்லை. ஹீரோ மாதிரி கையை மட்டும் முறுக்கேற்றும் ஜிம் பயிற்சிக்கு காசு கட்டுவதுதான் வீண்.

மாதம் ஒருமுறை சுவர் ஓரம் எகிறி, சாக்பீசால் கோடு போட்டுப் பார்க்கலாம். முட்டிக்குக் கீழே வலி வந்தால் குதிப்பதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டணும்.