பெருக்கலில் ஒரு மிச்சம்

இரண்டு எண்களுக்கும் ஆயிரம் இலக்கம் என்றால், பள்ளியில் படித்த முறையில் பத்து லட்சம் சிறு பெருக்கல்கள் தேவை. இதைக் குறைக்கவே முடியாது என்று கருதினார் ரஷ்யக் கணித மேதை கொல்மகோரவ். 1960இல் மாஸ்கோவில் அவர் இதைச் சொல்லக் கேட்ட 23 வயது மாணவர் கரட்சுபா, ஒரே வாரத்தில் அதைப் பொய்யாக்கினார்.

எப்படி? 23 × 41 எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக நான்கு பெருக்கல். அவர் மூன்றே செய்தார்: 2×4=8, 3×1=3, (2+3)×(4+1)=25. கடைசி விடையில் முதல் இரண்டையும் கழித்தால் 14. அதுதான் பத்தின் இடத்துக்கு உரிய மதிப்பு. 800+140+3=943. கூட்டலும் கழித்தலும் கணினிக்கு மலிவு, பெருக்கல்தான் செலவு.

ஒரு பெருக்கல் மிச்சம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பெரிய எண்ணைப் பாதி பாதியாகப் பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மிச்சம் பெருகுகிறது. 1024 இலக்கத்துக்குப் பத்து கட்டங்கள்: 10,48,576 பெருக்கல்கள் ஏறத்தாழ 59,000 ஆகச் சுருங்கிவிடும். எனக்கு இன்றும் வியப்புதான்!

பின்னர் 2019இல் கணித ஆய்வாளர்கள் ஹார்வியும் வான் டெர் ஹூவனும் இலக்க எண்ணிக்கையை அதன் மடக்கையால் பெருக்கிய அளவுக்கு வேலையைக் கொண்டுவந்தார்கள். மிகப் பிரம்மாண்டமான எண்களில்தான் அதற்குப் பலன். இதைவிட வேகமான வழி இல்லை என்பதை இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை.